111 ஏக்கரும் ஆப்பிள் இலையும்

2005-இல் எனக்கு 111 ஏக்கர் நிலம் இருந்தது. நீளம் 1,500 மீட்டர், அகலம் 300 மீட்டர். பட்டா கிடையாது, வாய்க்கால் கிடையாது, ஒரு பனைமரம்கூடக் கிடையாது. அதில் 50 பேர் ஓயாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள். நடமாட்டம் என்றால் நடை அல்ல. சிலர் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓரிடத்துக்குப் பறந்து போவார்கள், அங்கே சற்று நேரம் சும்மா நிற்பார்கள், பிறகு காரணமே இல்லாமல் வேறொரு மூலைக்குப் பறப்பார்கள். 900 விநாடியில் அந்த உலகம் முடிந்துவிடும். அந்தப் பூமியில்தான் என் எம்.இ. பட்டத்துக்கான ஆய்வு நடந்தது.

அந்தக் காலத்தில் கணினி அறிவியல் படித்தவர்களுக்கு இந்த நிலம் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 1998-இல் ஒரு கட்டுரையில் அளந்து போட்ட நிலம் அது. கோபுரமோ கம்பியோ இல்லாமல் கருவிகள் தங்களுக்குள்ளேயே செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும் வலையமைப்புக்கு மேனெட் என்று பெயர். அதில் எந்த முறையில் வழி கண்டுபிடித்தால் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேரும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு ஒரு மைதானம் தேவைப்பட்டது. எல்லாம் கணினிக்குள்தான். கட்டுரை புகழ்பெற்றது, உலகமே அந்த மைதானத்தில் குடியேறியது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் குடும்பத்தோடு குடியேறின.

எல்லோரும் ஆராய்ச்சி ஆர்வத்தில் வந்தார்கள் என்று சொன்னால் அந்த 50 பேருமே சிரிப்பார்கள். பி.இ. முடித்து கம்பெனி வேலை கிடைக்காதவர்கள் வந்தார்கள். விரிவுரையாளராகச் சேர்ந்துவிட்டு, மேற்படிப்பு இல்லாமல் மேலே போகமுடியாதவர்கள் வந்தார்கள். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த இடைவெளியில், ‘பிள்ளை சும்மா இருக்கக் கூடாது’ என்று அனுப்பப்பட்ட என்னைப் போன்றவர்களும் இருந்தோம். இரண்டாம் வருஷம் முழுக்கப் புராஜெக்ட்: ஃபேஸ் ஒன், ஃபேஸ் டூ. எங்கள் வகுப்பில் முகூர்த்தம் குறித்தவர்கள் எல்லாம் வைவா எந்த மாதம் என்று விசாரித்துவிட்டுத்தான் குறித்தார்கள்.

கைடு யார் என்பதைத் துறைத்தலைவர் ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். எனக்கு வாய்த்தவர் கம்பைலரில் கரைகண்டவர். வலையமைப்பு அவருக்கு ஆகாது.

“என்ன ஏரியாம்மா?”

“நெட்வொர்க்ஸ், சார்.”

“அப்ப மேனெட்டுதான். எத்தன மாட்யூல்?”

“நாலு, சார்.”

“நாலு போதும். பேஸ் பேப்பர் கொண்டு வா.”

முதல் சந்திப்பு அவ்வளவுதான். அதன்பிறகு ரிவ்யூவுக்கு ரிவ்யூ அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “அவுட்புட் வந்துட்டா?” இன்று யோசித்தால் அவரை நாணயஸ்தர் என்றுதான் சொல்வேன். தெரியாததைத் தெரிந்ததுபோல அவர் பேசவில்லை. பேசவே இல்லை. நான் இப்போது டீப் லேர்னிங்கில் வழிகாட்டுகிறேன். மாணவர்கள் பார்ப்பதற்கு ஒரு வாரம் முன்னால் நானும் அதே என்.பி.டி.இ.எல். பாடத்தைப் பார்த்துவிடுகிறேன், பார்த்ததைப் பேசவும் செய்கிறேன். வழிகாட்டுதலில் ஏற்பட்ட முன்னேற்றம் இது.

பேஸ் பேப்பர் என்பது லேசான காரியமாக இல்லை. நெல்லை வண்ணார்பேட்டை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் கட்டுரைச் சுருக்கம் வரைக்கும் இலவசம்; உள்ளே போகக் காசு, அதுவும் டாலரில். எங்கள் கல்லூரிக்கு அந்தச் சந்தா கிடையாது. எனவே துறைத்தலைவரின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, நெல்லை எக்ஸ்பிரஸில் அப்பாவுடன் சென்னைக்குக் கிளம்பினேன். எழும்பூரில் இறங்கி, மின்சார ரயிலில் கிண்டி, அங்கிருந்து ஐ.ஐ.டி. நூலகம். நான் உள்ளே கட்டுரைகளைத் தேடி நகல் எடுக்க, அப்பா வெளியே மரத்தடியில் தினத்தந்தி விரித்து உட்கார்ந்தார். அந்த வளாகத்தில் மான்கள் சர்வ சுதந்திரமாகத் திரியும். ஒன்று வந்து அவர் பையை முகர்ந்து பார்த்ததாம், உள்ளே புளியோதரை. “இவ்வளவு பேப்பரும் இங்கனதான் கெடைக்குமாக்கும்?” என்று கேட்டுவிட்டு, நகல் கட்டைத் தூக்கிப் பார்த்து, எடைக்குப் போட்டால் என்ன வரும் என்று கணக்குப் போட்டார்.

பக்கத்துக்குப் பக்கம் காசு கொடுத்து எடுத்ததால் நான் ஒரு பக்கம் விடாமல் படித்தேன். மேற்கோள் பட்டியலைக்கூடப் படித்தேன். புரிந்தது கொஞ்சம்தான். இன்றைக்கு என் மாணவியின் மடிக்கணினியில் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. “படிச்சியாம்மா?” என்றால், “சம்மரி எடுத்துட்டேன், மேம்” என்கிறாள். சாட்ஜிபிடி எடுத்துக் கொடுத்த சுருக்கம். ரிவ்யூவில் தங்கு தடையில்லாமல் பேசுகிறாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறாள். விழுந்து விழுந்து படித்த நான் அன்று திக்கித் திணறினேன். இதிலிருந்து என்ன பாடம் எடுத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை. மாணவிக்கு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

நிலத்தை உழுவதற்கு அன்று எங்களிடம் இருந்த கருவி என்.எஸ்-2. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இலவசமாகக் கொடுத்த மென்பொருள். இலவசம் என்றால் நிறுவுகிற பாடு நம்முடையது. விண்டோஸில் ஓடாது, அல்லது சிக்வின் என்ற ஒன்றைப் போட்டால் ஓடுவதுபோல் பாவனை செய்யும். லினக்ஸ் வேண்டும். லினக்ஸ், பி.சி. குவெஸ்ட் பத்திரிகையோடு வந்த குறுந்தகட்டில் வந்தது. போட்டால் சி கம்பைலரின் பதிப்பு ஒத்துவராது. பழைய பதிப்பைப் போட்டால் திரை வராது. கடைசியில் நிறுவல் வெற்றி என்ற வரி தெரிந்த நாளில் லேப் அண்ணாச்சி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஆய்வே முடிந்துவிட்டது என்று அவர் நினைத்தார். நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தோம்.

ஓட்டம் ஒன்றுக்கு வெகுநேரம் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்றால், பெண்கள் விடுதிக்கு ஆறரை மணி இன்டைம். பையன்கள் லேபிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். என் 50 பேரையும் ஒரு வகுப்புத் தோழனின் பொறுப்பில் விட்டுவிட்டு நான் விடுதிக்கு ஓடுவேன். நடு ராத்திரி கரன்ட் போனால் 50 பேரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இப்போது கூகுள் கோலாப் வந்துவிட்டது. விடுதி அறையில் உட்கார்ந்தபடி எங்கோ இருக்கிற கணினியை ஓட்டலாம். ஆனால் இலவசக் கணக்கில் சும்மா விட்டால் அது தொடர்பைத் துண்டித்துவிடும். 12 மணி நேரத்துக்கு மேல் எப்படியும் ஓடாது. அதனால் என் மாணவி ராத்திரி கண்விழித்து அவ்வப்போது எலியைச் சொடுக்கிக்கொண்டே இருக்கிறாள். விடுதியில் இன்டைம் இன்னும் ஆறரைதான்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் புராஜெக்ட் அறிக்கையில் தவிர்க்கவே முடியாத இரண்டு தலைப்புகள் உண்டு: எக்ஸிஸ்டிங் சிஸ்டம், புரப்போஸ்டு சிஸ்டம். எக்ஸிஸ்டிங்குக்குக் குறைகள் மட்டுமே இருக்கும். மெதுவானது, பாதுகாப்பற்றது, மின்சாரம் தின்பது. புரப்போஸ்டுக்கு நிறைகள் மட்டுமே. ஆனால் அடுத்த வருஷம் ஜூனியர் ஒருவன் வந்து இந்தப் புரப்போஸ்டை எடுத்து எக்ஸிஸ்டிங் என்ற தலைப்பின் கீழ் வைப்பான். ஒரே வருஷத்தில் அதற்குச் சகல நோயும் வந்திருக்கும். மருமகள் மாமியாராகும் கதைதான், என்ன, இங்கே கொஞ்சம் சீக்கிரம்.

இந்த ஏற்பாட்டில் வரைபடம் எப்படி வரவேண்டும் என்பது ஆய்வுக்கு முன்பே தெரியும். சிவப்புக் கோடு புரப்போஸ்டு, பச்சைக் கோடு எக்ஸிஸ்டிங், சிவப்பு மேலே. சில சமயம் பச்சை மேலே போய்விடும். அதற்கு எங்கள் லேபில் வழிவழியாக வந்த வைத்தியம் உண்டு. 50 பேரும் எங்கெங்கே போவார்கள் என்பதைத் தீர்மானிக்கிற எண்ணுக்கு சீடு என்று பெயர். சீடை மாற்றிப் பார். படியவில்லையா, அவர்கள் நின்று இளைப்பாறும் நேரத்தை மாற்றிப் பார். எந்த எண்ணில் சிவப்பு மேலே வருகிறதோ, அந்த எண்ணில் ஆய்வு முடிந்தது. சீனியர்கள் இதை பாராமீட்டர் ட்யூனிங் என்றார்கள்.

இதெல்லாம் நம் ஊர் லட்சணம் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். பிறகு, பாடம் எடுக்கத் தொடங்கிய நாட்களில், இரண்டு கட்டுரைகள் கண்ணில் பட்டன. முதலாவது 2003-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் எழுதியது. அந்த நிலத்தில் ஆட்கள் திரிகிற விதிமுறையிலேயே கோளாறு இருந்ததாம். குறைந்தபட்ச வேகம் பூஜ்யம் என்று வைத்திருந்ததால், மிக மெதுவான வேகத்தை எடுத்தவன் தன் இடத்துக்குப் போய்ச் சேரவே மாட்டான். நேரம் ஆக ஆக அப்படி மாட்டிக்கொண்டவர்கள் பெருகி, சராசரி வேகம் குறைந்துகொண்டே போகும். அதாவது 72 கிலோமீட்டர் வரை வேகம் எடுக்கக்கூடிய என் குடிகளில் பலர் நடுவழியில் ஊர்ந்துகொண்டிருந்திருக்கிறார்கள். நான் ஆய்வைத் தொடங்கும் முன்பே அச்சான சேதி இது. ஆனால் அதன் நகலுக்கு நான் காசு கொடுத்திருக்கவில்லை.

இரண்டாவது இன்னும் சுவையானது. அமெரிக்காவின் கொலராடோ சுரங்கவியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2005-இல் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். இந்தத் துறையின் மிக உயர்ந்த மாநாடுகளில் ஒன்றில் 2000 முதல் 2005 வரை வெளிவந்த 151 கட்டுரைகளைப் பார்த்ததில், 114 கட்டுரைகள் கணினிப் பாவனையை நம்பியவை. அவற்றில் சொல்லப்பட்டதை வைத்துக்கொண்டு இன்னொருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடியுமா என்று பார்த்தார்கள். 15 சதவீதம்கூடத் தேறவில்லை. எங்கள் அண்ணாச்சி லேபுக்கும் உலகத் தரத்துக்கும் இருந்த தூரம் நாங்கள் பயந்த அளவு இல்லை என்பதில் எனக்கு அன்று வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

ஆக, மேனெட் போயிற்று. அதன்பின் சென்சார் நெட்வொர்க் வந்து போயிற்று, கிளவுட் வந்தது, ஐ.ஓ.டி. வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது சுவர்களில் புராஜெக்ட் சென்டர் விளம்பரங்கள் எங்களுக்கு முன்பே அதை அறிவித்துவிட்டன. ஒரு துறை எந்தப் பக்கம் போகிறது என்பதை அவர்களைப்போல் துல்லியமாகச் சொன்ன பாடத்திட்டக் குழு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. இப்போது எல்லாம் டீப் லேர்னிங். இப்போது எங்கள் நிலம் பிளான்ட்வில்லேஜ்.

பெயரில் ஊர் இருக்கிறது, மண் இல்லை. 54,306 இலைப் படங்களின் தொகுப்பு. ஒவ்வோர் இலையும் பறிக்கப்பட்டு, சாதுவான பின்னணியில் தனியே கிடத்தி எடுக்கப்பட்டது. 14 பயிர்கள், 26 நோய்கள். இலையைக் காட்டினால் இயந்திரம் நோயைச் சொல்லவேண்டும். 2016-இல் இதை வைத்து வந்த புகழ்பெற்ற கட்டுரையில் துல்லியம் 99.35 சதவீதம். அன்றிலிருந்து இந்த எண்ணுக்குக் கீழே போவது எங்கள் ரிவ்யூக்களில் குற்றம்.

என் அறை ஜன்னலைத் திறந்தால் தாமிரபரணிப் பாசனம். கண்ணுக்கெட்டிய மட்டும் நெல்லும் வாழையும். பிளான்ட்வில்லேஜில் இரண்டும் கிடையாது. ஆப்பிள் உண்டு, செர்ரி உண்டு, புளூபெர்ரி, ராஸ்பெர்ரி, பீச் உண்டு. எங்கள் பிள்ளைகள் வருஷாவருஷம் ஆப்பிள் இலையில் சொறிநோய் கண்டுபிடிக்கிறார்கள். ஆப்பிள் மரத்தை ஒருவரும் நேரில் பார்த்ததில்லை, நானும்தான். அறிக்கையின் முதல் பத்தி மட்டும் ‘இந்தியாவின் முதுகெலும்பு விவசாயம்’ என்று தொடங்கும்.

அந்த 2016 கட்டுரையை முழுதாகப் படித்தால் இன்னொரு எண்ணும் அகப்படும். அதே இயந்திரத்துக்கு வெளியிலிருந்து, வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது துல்லியம் 31 சதவீதத்துக்குச் சற்று மேலேதான் வந்தது. ஆய்வாளர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். சுருக்கம் எடுத்துக்கொடுக்கும் இயந்திரம் அந்த வரியை எடுப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. 2022-இல் வேறொருவர் இன்னும் குறும்பாக ஒன்று செய்தார். இலையையே விட்டுவிட்டு, படத்தின் பின்னணியிலிருந்து வெறும் எட்டுப் புள்ளிகளை மட்டும் இயந்திரத்துக்குக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 2.6 சதவீதம் சரியாக வரும்; எட்டுப் புள்ளியில் 49 சதவீதம் வந்தது. இயந்திரம் இலையைப் பார்த்ததா, இலை கிடந்த மேசையைப் பார்த்ததா?

போன வருஷம் என் மாணவி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் கொஞ்சம் வம்புக்காரி. மாமாவின் தோப்பு களக்காட்டுப் பக்கம் இருந்தது. செல்பேசியை எடுத்துக்கொண்டு வாழைக்குள் இறங்கிவிட்டாள். வெயில் ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம், இலையில் கிழிசல், மேலே தூசி, படத்தின் ஓரத்தில் ஓர் ஆடு.

“எம்மா, படம் புடிச்சா நோவு போயிருமா?” என்று கேட்டிருக்கிறார் பக்கத்துத் தோப்புக்காரர்.

“என்ன நோவுன்னு சொல்லும், மாமா.”

“அத நானே சொல்லுவேனே. எலப்புள்ளி. அது போவ என்ன அடிக்கணும்னு அந்த மிசினு சொல்லுமா?”

அந்தக் கேள்வியை அறிக்கையின் ‘ஃபியூச்சர் ஒர்க்’ பகுதியில் சேர்க்கச் சொன்னேன். எங்கள் அறிக்கைகளில் உண்மையான வேலைகளெல்லாம் சென்று சேருமிடம் அதுதான். 2006-இல் என்னுடையதிலும், ‘எதிர்காலத்தில் உண்மையான கருவிகளில் சோதிக்கலாம்’ என்று எழுதி வைத்திருந்தேன்.

அவளுக்கு வந்த துல்லியம் அறுபதுக்குச் சற்று மேல். ரிவ்யூ கமிட்டியில் மூத்தவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“லிட்டரேச்சர் சர்வேயில நீயே எழுதியிருக்க. 97, 98, 99. கடைசில உன் புரப்போஸ்டு 61. எக்ஸிஸ்டிங்கவிட புரப்போஸ்டு கம்மியா இருந்தா, அப்புறம் எதுக்கும்மா புரப்போஸ் பண்ற?”

“சார், இது வயல்ல எடுத்த டேட்டா.”

“அதான் கேக்கேன். நல்ல டேட்டா கையில இருக்க, வயலுக்கு ஏன் போன?”

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. நான் குறுக்கிட்டு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி மேடம், இதை யார் பப்ளிஷ் பண்ணுவா?” என்றார். அதுவும் நியாயமான கேள்வி. இப்போது பட்டம் வாங்கக் கட்டுரை வெளியாக வேண்டும். வெளியாக மாநாடு வேண்டும். மாநாட்டுக்குப் பதிவுக் கட்டணம் வேண்டும். கட்டுரை எழுதுவது மட்டும் இப்போது பெரிய வேலை இல்லை.

அது அன்றும் பெரிய வேலையாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். நான் என்.எஸ்-2 நிறுவிக்கொண்டிருந்த அதே 2005-இல் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர் சைஜென் என்றொரு நிரல் எழுதினார்கள். பொத்தானை அழுத்தினால் படமும் வரைபடமும் மேற்கோளுமாக, அர்த்தமே இல்லாத கணினி அறிவியல் கட்டுரை வந்து விழும். ஒன்றை ஒரு மாநாட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், ஏற்கப்பட்டது. வேடிக்கை அத்தோடு நிற்கவில்லை. அந்த நிரல் கக்கிய 120-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் பதிப்பகங்களின் அலமாரிகளில் இருப்பதாகத் தெரியவந்து, 2014-இல் ஸ்பிரிங்கரும் ஐ.இ.இ.இ.யும் நீக்கின. அன்று இயந்திரம் உளறியது, மாநாடு ஏற்றது. இன்று இயந்திரம் அழகாக எழுதுகிறது, மாநாடு ஏற்கிறது.

காப்பியைத் தடுக்க 2018-இல் யு.ஜி.சி. விதி வந்தது. ஒற்றுமை 10 சதவீதம் வரை பரவாயில்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடு. 60 வரை போனால் ஒரு வருஷம் தள்ளி நில். அதற்கும் மேலே பதிவு ரத்து. விதி நல்ல விதி. அதன் விளைவாக 10 என்பது எல்லை என்பதிலிருந்து இலக்காக மாறியது. “ஒம்பதுக்குக் கொண்டுவந்துட்டேன், மேம்” என்று ஒரு பையன் ஜுரம் இறங்கியதைச் சொல்வதுபோல் சொன்னான். எங்கள் காலத்தில் சீனியர் அறிக்கையைத் திறந்து பெயரை மாற்றுவார்கள். அவசரத்தில் பக்கத்தின் தலைப்பில் பழைய பெயர் தங்கிவிடும். எக்ஸ்டெர்னல் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் அடுத்த பக்கம் புரட்டுவார். மதிய சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்கும்.

வம்புக்காரி பாஸாகிவிட்டாள், மதிப்பெண் சுமார்தான். அவள் எடுத்த வாழைப் படங்கள் துறையின் கணினியில் இருந்தன. இந்த வருஷம் வந்த பையனிடம் மூத்தவர் தாமே சொல்லியிருக்கிறார்: “அந்தப் பொண்ணோட டேட்டாவ எடு. எக்ஸிஸ்டிங் 61. ஏத்திக் காட்டு.”

முதல் ரிவ்யூவிலேயே அவன் 98.2 காட்டினான். கமிட்டி முகம் மலர்ந்தது. நான் அவனைத் தனியே கூப்பிட்டு என்ன செய்தான் என்று கேட்டேன். படங்கள் குறைவாக இருந்ததால் ஒவ்வொன்றையும் திருப்பி, கவிழ்த்து, வெளிச்சம் கூட்டிக் குறைத்துப் பத்துப் பத்தாகப் பெருக்கியிருக்கிறான். அது வழக்கம்தான், தவறில்லை. பெருக்கிய பிறகு எல்லாவற்றையும் கலக்கி, பயிற்சிக்குக் கொஞ்சம், சோதனைக்குக் கொஞ்சம் என்று பிரித்திருக்கிறான். ஒரே இலை நிமிர்ந்த வாக்கில் பயிற்சியிலும் கவிழ்ந்த வாக்கில் சோதனையிலும் இருக்கிறது. இயந்திரம் ஏற்கெனவே பார்த்த இலையைத்தான் மறுபடி பார்த்துச் சொல்கிறது. களக்காட்டு ஆடுகூட இரண்டு பக்கமும் நிற்கிறது.

“மொதல்ல பிரிச்சிட்டு, அப்புறம் பெருக்கணும்ப்பா. அப்பத்தான் அது சோதனை.”

“அப்படிப் பண்ணா எவ்வளவு வரும், மேம்?”

“அறுபத்து மூணு, அறுபத்து நாலு வரலாம்.”

அவன் சற்று நேரம் யோசித்தான். மரியாதையான பையன்.

“சரி மேம், மாத்திடுறேன். கான்ஃபரன்ஸுக்கு ஃபீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி. அதுக்கு முன்னால மாத்தணுமா, கட்டுனதுக்கு அப்புறம் மாத்துனா போதுமா?”